கனவில் கண்ட சிவப்பு

அன்புச் சகோதர சகோதரிகளே, இதை வாசிக்கும் ஒவ்வொருவர் வீட்டிலும் இறைவனின் சாந்தி நிறையட்டும்.

என் மூத்த மகன் இர்ஃபான் 2018 மே மாதம், ரமலான் நோன்பு தொடங்கிய வாரத்தில் பிறந்தான். ஆறேழு மாதம் வரை எல்லாக் குழந்தைகளையும் போலத்தான் இருந்தான். பிறகு முகம் வெளுக்க ஆரம்பித்தது. பால் குடிக்கும்போது பாதியிலேயே களைத்துத் தூங்கிவிடுவான். பல் முளைக்கிற வெளுப்பு என்றார்கள். கண்ணேறு என்றார்கள். சத்துக் குறைவு என்று சொட்டு மருந்து கொடுத்தோம். 2019 பிப்ரவரியில் வயிறு இடப்பக்கம் உப்பிக்கொண்டு வந்தபோதுதான் பயம் பிடித்தது. அப்போது எங்கள் ஊரான கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகவில்லை. பெரிய வைத்தியம் என்றால் விழுப்புரம் அல்லது புதுச்சேரி. புதுச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

தலசீமியா மேஜர் என்றார் மருத்துவர். அந்தச் சொல்லை நான் அதற்கு முன் படித்திருக்கிறேன். கையில் கிடைப்பதையெல்லாம் படிக்கும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. ஆனால் படிப்பது வேறு, பெற்ற பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் அதைக் கேட்பது வேறு. உடம்பு தனக்கு வேண்டிய ரத்தத்தைச் சரியாக உண்டாக்காது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை வெளியிலிருந்து ஏற்ற வேண்டும். ஏற்ற ஏற்ற உடம்பில் இரும்பு சேரும். அதைக் கரைக்கத் தனி மருந்து. இது ஒரு மாதமோ ஒரு வருடமோ அல்ல, வாழ்நாள் முழுக்க என்றார்.

பிறகு எங்கள் இருவர் ரத்தத்தையும் பார்த்தார்கள். இருவரும் மைனர். அதாவது குறை எங்கள் ரத்தத்தில் பாதி அளவு இருக்கிறது. அது எங்களை ஒன்றும் செய்யாது. இரண்டு பாதிகள் ஒரு குழந்தையிடம் சேர்ந்துவிட்டால் அது மேஜர். என் கணவர் எனக்கு அத்தை மகன். என் மாமியார், என் அத்தாவின் உடன்பிறந்த அக்கா. ஒரே வீட்டு ரத்தம் இரண்டு பக்கமாக இறங்கி இர்ஃபானிடம் வந்து சேர்ந்திருந்தது.

அன்று புறப்படும்போது மருத்துவர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து ஒன்று சொன்னார். "அடுத்த குழந்தை எப்ப உண்டானாலும் நாள் தள்ளின உடனே வாங்க. ஒவ்வொரு தடவையும் நாலுல ஒரு பங்கு இதே மாதிரி வர வாய்ப்பு இருக்கு. வயித்துல இருக்கும்போதே பார்த்துச் சொல்ல முடியும். ஆனா தாமதிக்கக் கூடாது." என் கணவர் தலையை ஆட்டினார்.

அடுத்த மூன்று வருடத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பிற்பாடு எங்கள் ஊரிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்ற வழி கிடைத்தது. அங்கே குழந்தைகளுக்கென்று ஒரு சின்ன அறை. ஜன்னல் ஓரக் கட்டில் இர்ஃபானுடையது போலவே ஆகிவிட்டது. ஊசி குத்தும்போது முதலில் அழுதான். பிறகு அழுவதை நிறுத்திவிட்டு, தானே கையை நீட்டினான். அவன் அழுததைவிட எனக்குத் தாங்க முடியாமல் போனது அதுதான்.

2022 ஜனவரி, பொங்கல் கழிந்த வாரம். நாள் தள்ளியிருந்தது. வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன், இரண்டு கோடு. சந்தோஷம் வரவில்லை. அந்த அறையின் கட்டில்தான் கண் முன்னே வந்தது. இர்ஃபான் கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டில், அதில் இன்னொரு பிள்ளை. இதற்கு மேல் என் பயத்தை விளக்க எனக்குத் தெரியாது.

கணவரிடமும் மாமியிடமும் மட்டும் சொன்னேன். எங்கள் வீடுகளில் மூன்று மாதம் முடியும் முன்னால் உண்டானதை வெளியே சொல்ல மாட்டார்கள். கண் பட்டுவிடும் என்ற பயம். டாக்டரிடம் போவதுகூட வெளியே சொல்வதில் சேர்ந்துவிடும். சின்ன ஊர், ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் அடுத்த தெருவுக்குத் தெரிந்துவிடும்.

"மூணு மாசம் ஆவட்டும், அப்புறம் பாக்கலாம். இப்ப யார்கிட்டயும் மூச்சு வுடாத" என்றார் மாமி.

"மாமி, மூணு மாசத்துக்குள்ளயே போவணும்னுதான் டாக்டர் சொன்னாங்க."

"இன்னா பாக்கப் போறாங்க? அல்லாஹ் மூடி வச்சு குடுக்கறத நாம தொறந்து பாக்கலாமா?"

மாமி கெட்டவர் அல்ல. இர்ஃபானுக்காக அவர் வைத்த நோன்புகளுக்கு அளவில்லை. ஆனால் ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுவார். அதனால் அந்த அறைக்குள் அவர் ஒரு தடவைகூட வந்ததில்லை.

என் கணவர் வேறு வழியில் தள்ளிப்போட்டார். "இஸ்திகாரா தொழுதுட்டு முடிவு பண்ணலாம்" என்றார். அதை நான் மறுக்க முடியாது, மறுக்கவும் விரும்பவில்லை. ஒரு காரியத்தில் இறங்குவதா வேண்டாமா என்று தடுமாறும்போது இரண்டு ரக்அத் தொழுது வழி கேட்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட அழகான முறை. அந்த துஆவின் பொருள் உங்களுக்குத் தெரியும். இந்தக் காரியம் எனக்கு நன்மையானால் இதை எனக்கு எளிதாக்கு, தீமையானால் இதை என்னை விட்டும் என்னை இதை விட்டும் திருப்பிவிடு என்று கேட்கிறோம். கனவைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் இஸ்திகாரா என்றால் கனவு. தொழுதுவிட்டுப் படுக்க வேண்டும், கனவு வர வேண்டும். வெள்ளையோ பச்சையோ கண்டால் செய்யலாம். கறுப்போ சிவப்போ கண்டால் கூடாது. பெண் பார்ப்பதற்கும், கடை பிடிப்பதற்கும், வளைகுடாவுக்கு விசா எடுப்பதற்கும் இப்படித்தான் முடிவு செய்வார்கள்.

அவர் தொழுதார். படுத்தார். காலையில் டீயோடு மாமி காத்திருப்பார்.

"இன்னாப்பா, எதுனா தெரிஞ்சுதா?"

"ஒண்ணும் இல்லம்மா."

இப்படியே பல காலைகள் போயின. ஒரு நாள் மட்டும், "சங்கராபுரம் பஸ்ல நின்னுக்கினு போறேன், சீட்டே கெடைக்கல" என்றார்.

மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "பஸ்ஸு இன்னா கலரு?"

"பச்ச."

"அப்ப நல்லதுப்பா!"

"அம்மா, கவர்மெண்ட் பஸ்ஸு பச்சையாதான் இருக்கும். தெனம் பாக்கற பஸ்ஸு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நாட்கள் போய்க்கொண்டிருந்தன. நாள்காட்டியைப் பார்த்து நாட்களைக் குறித்துக்கொள்வது என் வழக்கம், ஆங்கிலத் தேதியும் பிறையும் இரண்டும் குறிப்பேன். அப்போது அந்த வழக்கமே எனக்குத் தண்டனை போல இருந்தது. பரிசோதனைக்கு முன்னால் எங்கள் இருவரின் ரத்தத்தையும் எடுத்து, எந்த இடத்தில் எந்தக் குறை என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். அதற்கே இரண்டு வாரம் ஆகும். அதாவது நான் மட்டும் போய்ப் பயனில்லை. அவரும் கையை நீட்ட வேண்டும்.

பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு காலை அவர் முகம் மாறியிருந்தது. டீயைத் தொடவில்லை. என் கணவர் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். கனவில் கடையைத் திறந்திருக்கிறார். "சொம்பு, குண்டான், தூக்கு, எல்லாத்துலயும் செவப்பா ததும்பிக்கினு இருந்துச்சும்மா. கால் வைக்க எடமில்ல."

"தவ்பா, தவ்பா" என்று மாமி இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "செவப்பா? வாணாம்பா. வுட்டுடு. அல்லாஹ் தெளிவா சொல்லிட்டான்."

முடிவு ஆகிவிட்டது. அவர் கடைக்குப் போய்விட்டார். போகும்போது என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அன்று இருந்த நிலையை நம்பிக்கையின்மை என்று சொல்லலாமா தெரியவில்லை. இறைவன் மீது எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஆனால் எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு கனவைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்களே என்று இருந்தது. அடுத்த நாள் விடியற்காலை ஃபஜ்ரு தொழுதுவிட்டு, தொழுத முஸல்லா விரிப்பிலேயே உட்கார்ந்து நானும் அதே துஆவைக் கேட்டேன். எனக்குக் கனவு வேண்டாம் என்று கேட்டேன். குழந்தை நல்லபடியாக இருக்க வேண்டும் என்றுகூட அன்று கேட்கவில்லை, அது ஏற்கனவே உண்டாகி இருக்கிறபடி இருக்கிறது. இதில் நன்மை இருந்தால் வழியை எளிதாக்கு, வரும் பதில் எதுவானாலும் அதைக் கேட்கும்போது அவர் என் பக்கத்தில் இருக்க வேண்டும். இவ்வளவுதான் கேட்டேன்.

அந்த வாரமே இர்ஃபானுக்கு ரத்தம் ஏற்றும் நாள் வந்தது. வழக்கமாக நான்தான் அழைத்துப் போவேன். எனக்குத் தலைசுற்றல் இருந்ததால் அன்று அவரும் வந்தார்.

அந்த அறையில் எங்களுக்குப் பழக்கமான ஒரு பெண் இருந்தாள். பெயர் அலமேலு. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் மேலே ஒரு சிற்றூர். அவள் மூத்த மகளுக்கும் இதே நோய். இரண்டு பிள்ளைகளுக்கும் ரத்த நாள் பெரும்பாலும் ஒன்றாக விழும். மலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வருவாள். வாய் ஓயாது. என்னைப் பாயம்மா என்றுதான் கூப்பிடுவாள். நான் சாப்பிடாமல் இருப்பதையும் சுவரில் சாய்ந்திருப்பதையும் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எத்தினி மாசம் பாயம்மா?"

என் கணவர் சட்டென்று வாசலைப் பார்த்தார், யாராவது கேட்டுவிட்டார்களா என்று.

"டெஸ்ட்டுக்குப் போனீங்களா?" என்றாள் அடுத்து.

"இல்ல. போவல" என்றார் அவர். "இதெல்லாம் மேல இருக்கறவன் கையில இருக்குது."

"மேல இருக்கறவன் கையில இல்லாதது இன்னா இருக்குது? நீ சொம்பு விக்கிற இல்ல பாய். போன மாசம் நான் வாங்கறப்ப வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு, தண்ணி ஊத்தி, ஓட்ட இல்லன்னு காட்டித்தான குடுத்த?"

"புள்ளையும் சொம்பும் ஒண்ணா?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒண்ணு இல்ல. அதான் சொல்றேன்" என்றாள்.

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு தன் கதையைச் சொன்னாள். மலைக்கு ரத்தம் பார்க்க வந்தவர்கள் அவளையும் அவள் புருஷனையும் சோதித்துவிட்டு, அடுத்த பிள்ளைக்கு வயிற்றிலேயே பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது உண்டானபோது போயிருக்கிறாள். "அதுக்கும் இதே சீக்குன்னு வந்துச்சு. கலைச்சுட்டோம். கரியராமன் கோயில்ல போய் உக்காந்து அழுதேன். இன்னைக்கும் நெனச்சா அழுவ வருது, அத மறைக்க மாட்டேன். மூணாவது வந்தப்ப மறுபடியும் போனேன். அவன் இப்ப வூட்ல கோழிய தொரத்திக்கினு இருக்கான்." சொல்லிவிட்டு மகளின் கையில் ஊசி குத்திய இடத்தைத் தடவிக்கொடுத்தாள்.

அவள் செய்தது சரியா தவறா என்று நான் இங்கே எழுத வரவில்லை. அவள் பொய் சொல்லவில்லை.

நர்ஸ் வந்து இர்ஃபானுக்குப் பையை மாட்டிவிட்டுப் போனார். முதல் துளி குழாயில் இறங்கியது. அவன் தலையைத் தூக்கி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான், மற்றப் பிள்ளைகள் மின்விசிறியைப் பார்ப்பதுபோல. அவன் அத்தாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். யோசித்துச் சொன்னதில்லை.

"மச்சான், இதுவும் செவப்புதான்."

அவர் திரும்பவில்லை.

"மூணு வாரத்துக்கு ஒரு தடவ நம்ம புள்ளைய உசுரோட வச்சிருக்கறது இந்தச் செவப்புதான். நாமதான் இத தேடிக்கினு அலையறோம், நாமதான் கெடைச்சா அல்ஹம்துலில்லாஹ்ங்கறோம். இத கெட்ட கலர்னு யாரு சொன்னது?"

இர்ஃபானின் கன்னத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பியது. பை காலியாகும் வரை அவர் அந்தக் கட்டிலின் கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். கீழே இறங்கி வண்டியை எடுக்கும்போது, "ஹஜ்ரத் வூட்டுக்கு ஒரு எட்டு போய்ட்டு போலாம்" என்றார்.

எங்கள் பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத் கள்ளக்குறிச்சியிலேயே பிறந்து வளர்ந்தவர். நான் உள்ளே அவர் மனைவியோடு உட்கார்ந்திருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் பேசுவது கேட்டது. என் கணவர் கனவைச் சொன்னார், நிறத்தைச் சொன்னார்.

"பாய், வெள்ள நல்லது, செவப்பு கெட்டதுன்னு கலர் கலரா பிரிச்சு வைக்கறது ஜவுளிக் கடைல. நம்ம மார்க்கத்துல அப்படி ஒண்ணும் இல்ல. நீங்க கேட்டது இன்னா? நல்லதுன்னா எளிதாக்கு, கெட்டதுன்னா திருப்பிடுன்னு கேட்டீங்க. கேட்டுட்டு படுத்துக்கினே இருந்தா எப்படி? எழுந்து நடங்க. வழி தொறக்குதா அடைக்குதான்னு பாருங்க. அதான் பதிலு."

"பாத்து, கெட்டதா வந்துட்டா ஹஜ்ரத்?"

இந்தக் கேள்விதான் அவர் மனதில் முதல் நாளிலிருந்தே இருந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கனவுக்காகக் காத்திருந்தது முழுக்க இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதற்காக.

ஹஜ்ரத் நிதானமாக விளக்கினார். கருவுக்கு ரூஹு, அதாவது ஆன்மா, ஊதப்படுவது நூற்றிருபது நாளில். அதற்கு முன்னால், இப்படிக் கடுமையான நோய் உறுதியாகத் தெரிந்தால், பெற்றவர்கள் கலைப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க இடம் உண்டு என்று சொல்லும் மார்க்க அறிஞர்கள் இருக்கிறார்கள், கூடாது என்பவர்களும் இருக்கிறார்கள். அதற்குப் பின்னால் கதவு அடைத்துவிடும். "அத அப்ப வந்து கேளுங்க, நானும் கூட உக்காந்து பேசறேன். இப்ப கேக்க வேண்டியது ஒண்ணுதான். தெரிஞ்சுக்கறது ஹராமான்னு கேட்டா, இல்ல. வூட்ல எத்தினி நாள் ஆவுதுன்னு சரியா கணக்கு வச்சிருக்காங்களா?"

"அவங்க கணக்கு தப்பாது" என்றார் என் கணவர். உள்ளே ஹஜ்ரத் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

சகோதரிகள் தெரிந்துகொள்ளட்டும் என்று ஒன்றை இங்கே எழுதுகிறேன். மருத்துவர்கள் வாரங்களைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். மார்க்கத்தின் நூற்றிருபது நாள் கரு தரித்ததிலிருந்து. இரண்டுக்கும் ஏறக்குறைய இரண்டு வாரம் வித்தியாசம். இது தெரியாமல் நேரம் போய்விட்டது என்று கலங்குபவர்களும், இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்து ஏமாறுபவர்களும் உண்டு.

ஹஜ்ரத்தே சொல்லிவிட்டார் என்றதும் மாமியும் தடுக்கவில்லை. எழுந்து நடந்தோம். வழி திறந்தது. சென்னையில் ஒரு மருத்துவமனையில் கேட்டவுடன் நாள் கிடைத்தது. முதலில் சட்டைக் கையை மடித்தவர் என் கணவர். பிப்ரவரி முடியும் முன்னால் எங்கள் இருவரின் குறையும் எது என்று தெரிந்துவிட்டது. வயிற்றில் ஊசி போட்டுக் கருவைச் சோதிக்கும் நாள் மார்ச் இரண்டாவது வாரம், ரமலானுக்கு முந்திய மாதமான ஷஃபான் பிறை பிறந்த சில நாட்களில்.

ஒரு சிக்கல் வந்தது. அந்த நாளும் இர்ஃபானுக்கு ரத்தம் ஏற்றும் நாளும் ஒன்றாக விழுந்தன. அவனுக்கு இந்த முறை சீக்கிரமே சோர்வு வந்து நாள் முன்னே வந்திருந்தது, தள்ளிப்போட முடியாது. மாமியோ அந்த அறை வாசலைத் தாண்ட மாட்டார். என் கணவர் இங்கே இருந்தால் நான் சென்னைக்குத் தனியாகப் போக வேண்டும். அலமேலுவுக்கு போன் செய்தேன், அவள் மகளுக்கு அன்று முறை இல்லை என்று தெரிந்தும்.

"அதுக்கு இன்னா பாயம்மா, மொதல் பஸ்ஸ புடிச்சு வந்துடறேன். உன் மாமியார மட்டும் அனுப்பி வை, புள்ளைக்கு வூட்டு ஆளு ஒருத்தராவது வோணும். மயங்கி வுழுந்தா நான் தூக்கிக்கறேன்."

சொன்னபடி வந்தாள். மாமியும் போனார். மயங்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே, முழு நாளும் அலமேலுவின் வாயிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அவள் இரண்டாவது பிள்ளையின் கதையையும் கேட்டிருக்கிறார். மதியத்துக்கு மேல் திரும்பி, பேரன் கைக்குள் ரத்தம் இறங்குவதை முதன்முறையாகப் பார்த்திருக்கிறார்.

சென்னையில் நடந்தது சின்ன விஷயம். ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே வயிற்றின் மேல் வழியாக ஓர் ஊசி. குழந்தையைத் தொடாமல், அதோடு சேர்ந்து வளரும் நஞ்சுக்கொடியில் ஒரு துணுக்குத் திசு எடுத்தார்கள். கரு கலையும் ஆபத்து சிறிதளவு உண்டு என்பதை முன்பே சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். வலித்தது, பொறுக்க முடிகிற வலிதான். என் கணவர் என் தலைமாட்டில் நின்று நபி மீது ஸலவாத் ஓதிக்கொண்டிருந்தார். திரையில் தெரிந்த அசைவைப் பார்த்ததும் ஓதுவதை நிறுத்திவிட்டார். பிறகு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

அங்கேயே என் பிரார்த்தனைக்குப் பதில் கிடைத்துவிட்டது என்றுதான் நான் நம்புகிறேன். முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் நான் கேட்டது வந்துவிட்டது.

முடிவு மார்ச் கடைசியில் வந்தது. ரமலான் பிறைக்கு இன்னும் சில நாள் இருந்தது. என் கணவரின் எண்ணைத்தான் கொடுத்திருந்தோம். கடையில் யாரோ குக்கருக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்களாம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. மாமி எழுந்து நின்றுவிட்டார்.

"மைனரு" என்றார்.

"மைனருன்னா? நல்லா சொல்லித் தொலைடா" என்றார் மாமி.

"ஒண்ணும் செய்யாதும்மா. எங்கள மாதிரி. உன்ன மாதிரி."

"என்ன மாதிரியா? எனக்கு இன்னா கொறச்சல்? இந்த வயசுல ரெண்டு கொடம் தண்ணி தூக்கறேன்!"

"அதான் சொல்றேன். உன்ன மாதிரியே கொடம் தூக்கும்."

மாமி அப்படியே தரையில் நெற்றி வைத்து சஜ்தாவில் விழுந்தார். மக்கா இருக்கும் கிப்லா பக்கம் திரும்பவில்லை என்று அவர் மகன் சொன்னதும், எழுந்து திரும்பி மறுபடி விழுந்தார். நாங்கள் மூவரும் சிரித்தோம், அழுதோம். அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது.

2022 செப்டம்பரில் மகள் பிறந்தாள். பெயர் சஃபிய்யா. இன்று ஓடுகிறாள், அண்ணனை அடிக்கிறாள், அவன் ரத்தம் ஏற்றிக்கொண்டு வந்த அன்று மட்டும் அடிப்பதில்லை.

ஒரு சகோதரி என்னிடம் கேட்டார், பதில் வேறு மாதிரி வந்திருந்தால் இந்தச் சாட்சியைச் சொல்லியிருப்பீர்களா என்று. நியாயமான கேள்வி. அலமேலுவும் தன் கோயிலில் கேட்டிருப்பாள், எனக்குக் குறையாமல் அழுதிருப்பாள். அவளுக்கு அப்படி வந்தது, எனக்கு இப்படி வந்தது. ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுத மாட்டேன். இவ்வளவு சீக்கிரம் இல்லாவிட்டாலும், வேறு மாதிரி வந்திருந்தாலும் சொல்லியிருப்பேன். ஏனென்றால் நாங்கள் அதைத் தனித்தனியாகக் கேட்டிருக்க மாட்டோம். இருவரும் சேர்ந்து கேட்டிருப்போம், ஹஜ்ரத் வீட்டுக்குச் சேர்ந்து போயிருப்போம். அந்தக் கொடையைத்தான் நான் கேட்டு வாங்கினேன்.

எங்கள் வீடு மாறிவிட்டது. என் கணவர் இப்போதும் இஸ்திகாரா தொழுகிறார். காலையில் யாரும் கனவு கேட்பதில்லை. மாமி சொந்தத்தில் எங்கே சம்பந்தம் பேசினாலும் போய் உட்கார்ந்துவிடுகிறார். போன வருடம் சங்கராபுரத்தில் ஒரு வீட்டில், நகை பேச்சு தொடங்கும் முன்னாலேயே, "பையனுக்கும் பொண்ணுக்கும் அந்த ரத்த டெஸ்ட்டு எடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டார். பெண்ணின் மாமா ஒருவர், "நல்ல காரியத்துல இன்னா பேச்சு இது" என்று முறைத்தார். "என் பேரனுக்கு ரத்தம் ஏத்தற அன்னைக்கு வந்து உக்காந்து பாரு, அப்புறம் மொறை" என்றார் மாமி. இரண்டு பேருக்கும் டெஸ்ட் எடுத்துவிட்டுத்தான் தேதி குறித்தார்கள்.

சகோதர சகோதரிகளே, சொந்தத்தில் மணம் முடிப்பவர்கள் நம்மில் அதிகம். பேசி முடிக்கும் முன்னால் ஒரு முறை ரத்தத்தைப் பாருங்கள். ஏற்கனவே மணமாகி இருவரும் மைனர் என்று தெரிந்திருந்தால், உண்டானதை ஊருக்கு மறையுங்கள், மருத்துவருக்கு மறைக்காதீர்கள். இறைவனிடம் கேளுங்கள். அவன் கேட்பவரை வெறுங்கையோடு அனுப்புவதில்லை, இதை நான் கண்டேன். கேட்டுவிட்டு எழுந்து நடங்கள். நடக்கும்போது ஒருவரை ஒருவர் விட்டுவிடாதீர்கள்.

இர்ஃபானுக்கு இப்போது ஏழு வயது. அவனுக்காக நாங்கள் கேட்பது இன்னும் முடியவில்லை. வருகிற வியாழக்கிழமை அவனுக்கு ரத்தம் ஏற்றும் நாள். துஆ செய்யுங்கள்.